காலி எடை

ஒன்பதாம் பாகம் வெள்ளி இரவு இறங்கத் தொடங்கியது.
நூற்றுப் பத்து ஜிபி.
புளியரையில் சாரல் விழுந்தால் கேபிள் நெட் படுத்துவிடும்,
ஆகவே மூன்று நாள்.
எடைமேடைக் கூண்டுக்குள் சதவீதத்தையே பார்த்திருந்தேன்.
வைக்கோல், பாறைப்பொடி, கோழித்தீவனம்.
அறுபத்தொன்று, அறுபத்தொன்று, அறுபத்திரண்டு.

எட்டாவது வந்தபோது எனக்குக் கல்யாணம் ஆகவில்லை.
இப்போது மகள் யூகேஜி.
நடுவில் ஏழு வருஷம்
ஒரே முன்னோட்டத்தை நிறுத்தி நிறுத்தி
மலைக்குப் பின்னே தெரிவது பழைய கோபுரமா புதியதா என்று
ஆரியங்காவு ஷிபினோடு சண்டை.
இரண்டு மாதம் பேசாமல்கூட இருந்தோம்.
அவன் சொன்னதுதான் சரி. புதியது.

எட்டுப் பாகத்திலும்
வர்தேனுக்கும் கீழ்நாட்டுக்கும் இடையே ஒரு கணவாய்,
கணவாயில் ஒரு சாவடி,
சாவடியில் ஓர்வின்.
மூக்கு ஒழுகும் காவலன்.
பறவைநாகத்தின் தலையை அறுத்துத்
தோளில் போட்டுக்கொண்டு போனாலும்
"சீட்டு இருக்கா?" என்பான்.
ஐந்தாம் பாகத்தில் நான் ராணி.
அப்போதும் கேட்டான்.

ஒன்பதில் எல்லை கிடையாது.
குதிரையைத் தட்டினால் கடல்வரைக்கும் போகலாம்,
எங்கும் நிற்க வேண்டாம்.
கணவாய் இருக்கிறது.
தூக்கிய கட்டை தூக்கியபடி,
அதில் பாசி,
பாசியின் ஒவ்வொரு இழையும் தனித்தனியாகக் காற்றில் ஆடுகிறது.
இவ்வளவு அழகாக ஒரு பாசியை
ஐந்தருவியிலும் நான் பார்த்ததில்லை.
ஓர்வின் இல்லை.

விடிகாலை நாலு மணிக்கு ஷிபின் கூப்பிட்டான்,
துட்டிக்குச் சொல்கிற குரலில்.
"கோமு, ஓர்வினக் கண்டோ?"
"இல்ல."
"ஞான் பீப்பா வரே பொளிச்சு நோக்கி."
"நானும்."
பதினாலு பீப்பாய்.
ஒன்றில் ஒரு ஆப்பிள் இருந்தது.

இங்கேயும்தான் வரிச் சாவடியை எடுத்தார்கள்.
லாரிக்காரர்கள் லட்டு கொடுத்தார்கள்.
ரெண்டு தின்றேன்.
அங்கே நின்ற ஊழியர் ஒருவர் பெயர்கூட
எனக்குத் தெரியாது.

கோபம் தணியாமல் பழைய லேப்டாப்பைத் தூசி தட்டி
இரண்டாம் பாகத்தைத் திறந்தேன்,
பாருங்கள், இவனைத்தான் தொலைத்துவிட்டீர்கள் என்று
யாரிடமோ காட்டுவதற்காக.
சீட்டு இருக்கா.
மழை வரும்போல.
தள்ளி நில்லு.
சரி, போ.
மறுபடி அழுத்தினேன். சீட்டு இருக்கா.
மறுபடி. மழை வரும்போல.
அவ்வளவுதான் அவன்.

அப்படியானால்
அவன் பெண்டாட்டி கோபித்துக்கொண்டு தாய்வீடு போனது?
ஊதலுக்கு அவன் காதில் பஞ்சு வைத்துக்கொள்வது?
லஞ்சம் வாங்க ஆசைப்பட்டு
ஒருமுறையும் கை நீளாதது?
பரோட்டாக் கடை பெஞ்சில்
ஷிபினும் நானும் மணிக்கணக்கில் பேசியதெல்லாம்
எங்கே இருந்தது?

தினம் நூறு டிரைவரிடம் சொல்கிறேன்:
அண்ணே, முதல்ல காலி எடை போடணும்.
ஏத்திக்கிட்டு வந்து
வண்டி எவ்வளவு சரக்கு எவ்வளவுன்னு கேட்டா
நான் எப்படிச் சொல்லுவேன்.

சரி. ஏற்றியது நாங்கள்தான்.
ஒத்துக்கொள்கிறேன்.
இருந்தாலும் நாலு வரி.
நூற்றுப் பத்து ஜிபியில்
ஒரு சளிபிடித்தவனுக்கு நாலு வரி
இடமில்லாமலா போயிற்று?

ஷிபின் விற்றுவிட்டான், பாதி விலைக்கு.
நான் இரவுகளில் என் வில்லாளியைக் கொண்டுபோய்
அந்தக் கட்டைக்குப் பக்கத்தில் நிறுத்திவைக்கிறேன்.
உப்பு வண்டிகள் வரும், போகும்.
கூலிப்படை வரும், போகும்.
யாரையும் நிறுத்த ஒரு பொத்தான் இல்லை.

நேற்றும் அப்படி நிற்கையில் வெளியே ஹாரன்.
கொல்லம் பதிவெண், மீன் நாற்றம்.
ஜன்னலைத் தள்ளினேன், முகத்தில் சாரல் அடித்தது,
மூக்கைத் துடைத்துக்கொண்டு
என்னை அறியாமல் கேட்டேன்:
"சீட்டு இருக்கா?"

"எந்து சீட்டு சேச்சி?
இது காலி வண்டியா."